வாயு மாதிரியை எலிமென்டல் அனலைசரில் ஊசியால் செலுத்தி நைட்ரஜன் ஐசோடோப்பு அளக்கலாமா?

உங்கள் லேபில் எலிமென்டல் அனலைசர் (மாதிரியை எரித்து வாயுவாக்கும் கருவி) இணைத்த ஐசோடோப்பு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கிறது. வாயுக்களுக்கென்று தனி இன்லெட் கிடையாது. நெல் வயல் மண்ணைத் தண்ணீரோடு 12 மி.லி. குப்பியில் மூடிவைத்து, மேலே சேரும் வாயுவை சிரிஞ்சில் எடுத்து நேராக அனலைசருக்குள் செலுத்தலாமா, செலுத்தலாம் என்றால் எந்த இடத்தில், எத்தனை மைக்ரோலிட்டர், எதை ஸ்டாண்டர்டாக வைப்பது, தண்ணீரில் கரைந்திருக்கும் வாயுவை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். செலுத்தலாம். பல லேப்களில் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இரண்டு விவரங்களை நீங்கள் குறிப்பிடவில்லை. மண்ணில் நைட்ரஜன்-15 செறிவூட்டிய நைட்ரேட்டைப் போட்டீர்களா, அல்லது இயற்கையில் உள்ள விகிதத்தையே அளக்கப் பார்க்கிறீர்களா? குப்பியின் மேல்வெளியில் இருந்தது காற்றா, ஹீலியமா? ஊசியை எங்கே குத்துவது என்பதைவிட இந்த இரண்டும்தான் உங்கள் அளவீடு தேறுமா தேறாதா என்று தீர்மானிக்கும்.

காரணம் எளிது. எலிமென்டல் அனலைசர் எந்த நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று பார்க்காது. உள்ளே போகிற நைட்ரஜனை எல்லாம், அது நைட்ரஸ் ஆக்சைடாக வந்தாலும் அமோனியாவாக வந்தாலும், இரட்டை அணு நைட்ரஜன் வாயுவாக்கி ஒரே பீக்காக வெளியே அனுப்பும். திட மாதிரிக்கு அதுதான் அதன் பலம். வாயு மாதிரிக்கு அதுவே சிக்கல், ஏனென்றால் நாம் வாழும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். காற்றில் நைட்ரஸ் ஆக்சைடு சுமார் 0.33 பிபிஎம்தான், அதனோடு ஒப்பிட்டால் நைட்ரஜன் 20 லட்சம் மடங்குக்கு மேல். ஆகவே காற்று மாதிரியை அப்படியே செலுத்தி அதிலுள்ள நைட்ரஸ் ஆக்சைடின் ஐசோடோப்பு விகிதத்தை எடுக்கும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே கைவிடுங்கள். அதற்குத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துச் செறிவூட்டும் அமைப்பு வேண்டும்.

உங்கள் குப்பிக்கே ஒரு கணக்குப் போடலாம். பாதிக் குப்பி, அதாவது 6 மி.லி., காற்று என்று வைத்துக்கொள்வோம். அறை வெப்பநிலையில் அதில் சுமார் 190 மைக்ரோமோல் நைட்ரஜன் இருக்கும். மண்ணிலிருந்து டீநைட்ரிஃபிகேஷனால் (நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வாயுவாக்குவது) 1 மைக்ரோமோல் நைட்ரஜன் வருகிறது, அதன் டெல்டா மதிப்பு, அதாவது நைட்ரஜன்-15 விகிதம் ஸ்டாண்டர்டிலிருந்து விலகும் அளவு, மைனஸ் 20 பெர்மில் (ஆயிரத்தில் 20 பங்கு குறைவு) என்றே வைப்போம். கலந்த பிறகு மொத்த மதிப்பு சுமார் 0.1 பெர்மில்தான் நகரும். நல்ல கருவியில் திட மாதிரிக்கே 0.2 பெர்மில் வரை சிதறல் இருப்பது சாதாரணம். இந்த நகர்வை எந்த சிரிஞ்சாலும் பிடிக்க முடியாது. இதையே செறிவூட்டிய நைட்ரேட்டால் செய்து, அந்த 1 மைக்ரோமோலும் நிறை 30 கொண்ட மூலக்கூறாக (இரண்டு அணுவும் நைட்ரஜன்-15) வந்தால் கதையே வேறு. காற்றில் நிறை 30க்கும் 28க்கும் உள்ள விகிதம் இயல்பாகவே 1,00,000ல் 1.35 அளவுதான், உங்கள் குப்பியில் அது ஏறத்தாழ 400 மடங்கு ஏறிவிடும். ஆகவே லேபிள் பரிசோதனை, அதாவது செறிவூட்டிய நைட்ரேட் போட்டுச் செய்வது, என்றால் காற்று மேல்வெளியிலும் ஓரளவு செய்யலாம். இயற்கை விகிதம் என்றால் காற்றை முழுக்க வெளியேற்றாமல் தொடங்கவே வேண்டாம்.

சரி, அப்படியானால் ஹீலியம் நிரப்பினால் பிரச்சினை தீர்ந்ததா? இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ஹீலியம் நிரப்பிய அதே 6 மி.லி. மேல்வெளியில் 1 மைக்ரோமோல் நைட்ரஜன் சேர்ந்தால், அதிலிருந்து எடுக்கும் 100 மைக்ரோலிட்டரில் அரை மைக்ரோகிராம் நைட்ரஜன்கூட இருக்காது. சிரிஞ்சு ஊசியின் துளைக்குள் தங்கியிருக்கும் காற்றோ சுமார் 1 மைக்ரோலிட்டர், அதில் 0.9 மைக்ரோகிராம் நைட்ரஜன் இருக்கிறது. மாதிரியைவிட ஊசிக்குள் இருக்கும் காற்றுதான் அதிகம்! 1 மி.லி. செலுத்தினால் மாதிரியின் பங்கு 4.7 மைக்ரோகிராம் ஆகும், அப்போதும் ஊசிக் காற்று ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. புதிதாகச் செய்பவர்கள் எரிகுழாயின் வெப்பத்தையும் கார்பன் டைஆக்சைடு பொறியையும் (அந்த வாயுவை உறிஞ்சிப் பிடிக்கும் குழாய்) பற்றித்தான் கவலைப்படுவார்கள். தரவைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த ஒரு மைக்ரோலிட்டர்தான். லேபிள் பரிசோதனை செய்யும் சில குழுக்கள் ஹீலியத்தில் 2 சதவீதம் போல நைட்ரஜனை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். நிறை 28க்கு உறுதியான பீக் கிடைக்கும், சிறு கசிவு முடிவைப் புரட்டிப் போடாது, காற்றைவிட உணர்திறனும் பல மடங்கு கூடும். லேபிள் போட்டிருந்தால் நான் உங்களுக்கும் அதையே பரிந்துரைப்பேன்.

இனி எங்கே குத்துவது. உங்கள் கருவியில் மாதிரி எரியும் எரிகுழாயும், ஆக்சிஜனை நீக்கும் குறைப்புக் குழாயும் தனித்தனியாக இருந்தால் மூன்று இடங்கள் உண்டு. முதலாவது, எரிகுழாயின் தலையில், ஆட்டோசாம்ப்ளரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் செப்டம் (ஊசி குத்தும் ரப்பர் அடைப்பு) பொருத்திய மூடி. இங்கே செலுத்தினால் வாயு 1000 டிகிரிக்கு மேல் சூடான குரோமியம் ஆக்சைடு, வெள்ளி பூசிய கோபால்ட் ஆக்சைடு வழியாகப் போகும். மீத்தேன் எரியும், கந்தகச் சேர்மங்கள் அங்கேயே பெரும்பாலும் தங்கும். நெல் மண் வாயுவில் இரண்டும் இருக்கும் என்பதால் இது ஒரு வசதி. அதோடு திட ஸ்டாண்டர்டுகளும் உங்கள் வாயுவும் ஒரே பாதையில் போகின்றன. இரண்டாவது இடம், எரிகுழாய்க்கும் தாமிரம் நிரப்பிய குறைப்புக் குழாய்க்கும் நடுவே, எஃகுக் குழாயில் ஒரு 'டி' இணைப்பு வைத்து அதன் கையில் செப்டம். மூன்றாவது, தாமிரத்துக்கும் பொறிகளுக்கும் பிறகு, ஜி.சி. காலத்துக்கு (வாயுக்களைப் பிரிக்கும் கேஸ் குரோமடோகிராஃபி குழாய், column) முன்னால். மூன்றாவதை உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். அங்கே செலுத்தினால் ஆக்சிஜன் நீங்காது, பல அனலைசர்களில் இருக்கும் போராபாக் வகை காலம் 40 டிகிரியில் நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரித்துக் கொடுக்காது.

ஆக்சிஜனுக்கு ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும்? மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் அயனி மூலத்தில் சூடான இழைக்குப் பக்கத்தில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து இருந்தால் நைட்ரிக் ஆக்சைடு அயனி உண்டாகிறது. அதன் நிறை 30. இயற்கை விகிதம் அளப்பவர் 29க்கும் 28க்கும் உள்ள விகிதத்தைத்தான் பார்ப்பார், அதனால் இது அவரை அதிகம் தொடாது. நிறை 30ஐ நம்பியிருக்கும் லேபிள் பரிசோதனையில் இது நேராக உங்கள் விடைக்குள் புகுந்துவிடும். ஆகவே லேபிள் மாதிரிக்கு என் தேர்வு இரண்டாவது இடம்: வாயு 650 டிகிரி தாமிரத்தைத் தொட்டுவிட்டுப் போகட்டும். ஆக்சிஜன் தாமிரத்தைத் தின்று தீர்த்துவிடும் என்ற அச்சம் வேண்டாம். 100 மைக்ரோலிட்டர் காற்றிலுள்ள ஆக்சிஜன் சுமார் 0.1 மில்லிகிராம் தாமிரத்தைத்தான் ஆக்சைடாக்கும். திட மாதிரிக்கு ஒவ்வொரு முறையும் விடும் ஆக்சிஜன் துடிப்போடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. அப்புறம், மறந்துவிடாமல் அந்த ஆக்சிஜன் துடிப்பை அணைத்துவிடுங்கள். மாதிரியில் சதவீதக் கணக்கில் மீத்தேன் இருந்து தலையில் செலுத்தினால் மட்டும் அது தேவைப்படலாம். ஆக்சிஜன் சிலிண்டரிலும் கொஞ்சம் நைட்ரஜன் கலந்திருக்கும். தேவையில்லாமல் விட்டால் அது பிளாங்காகத்தான் (மாதிரி இல்லாமலே வரும் சிக்னல்) வந்து நிற்கும்.

தாமிரத்தில் இன்னொரு விஷயம் நடக்கிறது. அது நைட்ரஸ் ஆக்சைடையும் நைட்ரஜனாகக் குறைத்துவிடும். டீநைட்ரிஃபிகேஷனின் மொத்த விளைபொருள் போதும் என்றால் இது உங்களுக்குச் சாதகம். நைட்ரஜன் எவ்வளவு, நைட்ரஸ் ஆக்சைடு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும் என்றால், செப்டத்துக்கும் தாமிரத்துக்கும் இடையே திரவ நைட்ரஜனில் மூழ்கிய ஒரு சுருள் குழாய் வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடும் கார்பன் டைஆக்சைடும் அதில் உறைந்து நிற்கும், நைட்ரஜன் ஹீலியத்தோடு கடந்து போகும். கருவியில் இரண்டு குழாய் இல்லாமல் ஒரே குழாயில் மேலே ஆக்சைடும் கீழே தாமிரமும் அடுக்கியிருந்தால் உங்களுக்குத் தலை வழி ஒன்றுதான்.

கார்பன் டைஆக்சைடைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஊறிய மண்ணின் மேல்வெளியில் அது சில சதவீதம் வரைகூட இருக்கலாம். அயனி மூலத்துக்குள் போனால் அது உடைந்து கார்பன் மோனாக்சைடு அயனியாகும். அதன் நிறைகளும் 28, 29, 30தான், நைட்ரஜனோடு அப்படியே ஒத்துப்போகும். ஜி.சி. காலம் இரண்டையும் நேரத்தில் பிரித்தாலும் வால் அடுத்த மாதிரியின் பீக் வரை நீளும். காரப் பொறி வைத்துப் பிடித்துவிடுவதே மேல். அந்தப் பொறி கார்பன் டைஆக்சைடை உறிஞ்சும்போது தண்ணீரை வெளிவிடும் என்பதால், அதற்கு முன்னும் பின்னும் ஈரத்தை உறிஞ்சும் மக்னீசியம் பெர்குளோரேட் இருக்க வேண்டும். அமோனியாவை சிரிஞ்சால் அளக்கவே முயலாதீர்கள். அது கண்ணாடிச் சுவரிலும் எஃகிலும் ஒட்டிக்கொள்ளும், ஒட்டும்போது ஐசோடோப்புகள் பிரியும். அமிலம் தோய்த்த கண்ணாடியிழை வடிதாள் துண்டில் அதைப் பிடித்து, உலர்த்தி, டின் கேப்சூலில் மடித்துத் திட மாதிரியாகவே ஓட்டுங்கள்.

அளவுக்கு வருவோம். 25 டிகிரியில் 1 மி.லி. காற்றில் ஏறக்குறைய 0.9 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. 100 மைக்ரோலிட்டரில் சுமார் 90 மைக்ரோகிராம். உங்கள் கருவி திட மாதிரியில் வழக்கமாகப் பார்க்கும் அளவுக்குள்தான் இது. காற்று மேல்வெளிக்கு 50 முதல் 100 மைக்ரோலிட்டர் போதும். நைட்ரஜன் குறைந்த மாதிரிக்கு 1 மி.லி. வரை போகலாம், அனலைசரின் ஹீலியம் ஓட்டம் நிமிடத்துக்கு 80 முதல் 100 மி.லி. என்பதால் பீக் அகன்று கெடாது. டெல்டா மதிப்பு பீக்கின் உயரத்தோடு கொஞ்சம் நகர்வது எல்லாக் கருவியிலும் உண்டு. அது எவ்வளவு என்பது கருவிக்குக் கருவி, இழைக்கு இழை மாறும் என்பதால் இன்னொரு லேபின் திருத்த எண்ணைக் கடன் வாங்காதீர்கள். மாதிரியையும் ஸ்டாண்டர்டையும் ஒரே நைட்ரஜன் அளவில் செலுத்தினால் இந்தத் தொல்லை பெருமளவு அடங்கும்.

சிரிஞ்சு வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் இங்கேதான் இருக்கிறது. வாயுக் கசியாத வகை சிரிஞ்சு, அதில் திறந்து மூடும் வால்வு, பக்கவாட்டில் துளையுள்ள ஊசி, இவை மூன்றும் கட்டாயம். ஹீலியம் மெதுவாக ஓடும் ஒரு குப்பியில் ஊசியைக் குத்தி மூன்று நான்கு முறை இழுத்துத் தள்ளி சிரிஞ்சைக் கழுவுங்கள். வால்வை ஹீலியத்துக்குள் இருக்கும்போதே மூடி வெளியே எடுங்கள். மாதிரிக் குப்பியின் செப்டத்தில் குத்தி, வால்வைத் திறந்து, பிஸ்டனைச் சில தடவை ஏற்றி இறக்கி மேல்வெளியைக் கலக்குங்கள். பிறகு தேவைக்கு மேல் ஒன்றரை மடங்கு இழுத்து, ஊசி உள்ளே இருக்கும்போதே வால்வை மூடுங்கள். வெளியே எடுத்ததும் பிஸ்டனைத் தேவையான அளவுக்கு அழுத்தி, கருவியின் செப்டத்துக்கு மிக அருகில் ஒரு நொடி வால்வைத் திறந்து மூடுங்கள். ஊசித் துளையிலிருந்த காற்றை மாதிரியே வெளியே தள்ளிவிடும். உடனே பிஸ்டனை மறுபடி அழுத்திப் பிடித்துக்கொண்டு குத்தி, திறந்து, ஒரே சீராகத் தள்ளுங்கள். உள்ளே ஹீலியத்தின் அழுத்தம் வெளிக்காற்றைவிட அதிகம். மாதிரியை அழுத்தாமல் வால்வைத் திறந்தால் ஹீலியம் சிரிஞ்சுக்குள் பாய்ந்து பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். சிரிஞ்சின் கண்ணாடி உடலைக் கையால் பற்ற வேண்டாம். 3 டிகிரி சூடேறினால் உள்ளே இருக்கும் அளவு 1 சதவீதம் மாறும். டெல்டாவுக்கு அது பொருட்டில்லை, ஆனால் பீக் பரப்பிலிருந்து நைட்ரஜன் அளவைக் கணக்கிடுபவருக்குப் பொருட்டு.

கருவியில் உள்ள செப்டம் ஒவ்வொரு குத்துக்கும் தேய்கிறது. உள்ளே அழுத்தம் அதிகம், வெளியிலிருந்து காற்று எப்படிப் போகும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நுண்ணிய துளை வழியாகக் காற்று எதிர்த்திசையில் ஊடுருவத்தான் செய்யும். ஊசி குத்தாத நேரத்தில் நிறை 28, 32, 40 மூன்றின் பேக்ரவுண்டையும் பார்த்துக்கொண்டே இருங்கள். 40 ஆர்கான், அதைத் தாமிரமும் பிடிக்காது, எந்தப் பொறியும் பிடிக்காது, ஆகவே காற்றுக் கசிவுக்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. 28 மட்டும் ஏறி 40 அசையாமல் இருந்தால் கசிவைத் தேடாமல் கார்பன் மோனாக்சைடைச் சந்தேகியுங்கள். செப்டம் மாற்றும்போதும் 'டி' இணைப்பு பொருத்தும்போதும் குழாய்கள் ஆறியிருக்க வேண்டும், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் வாயில் மூடியிருக்க வேண்டும். சூடான தாமிரத்தில் காற்றுப் பட்டால் அந்தக் குழாய் வீண்.

ஸ்டாண்டர்டு விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். நைட்ரஜன் ஐசோடோப்பு அளவுகோலின் பூஜ்யமே காற்றுதான். 1958ல் ஜங்க், ஸ்வெக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காற்றின் நைட்ரஜனில் 14க்கும் 15க்கும் உள்ள விகிதத்தை 272க்கு 1 என்று அளந்தார்கள். 1983ல் மாரியோட்டி, காற்று எங்கும் ஒரே மதிப்போடு இருப்பதால் அதை நம்பி ஸ்டாண்டர்டாக வைக்கலாம் என்று காட்டினார். கட்டடத்துக்கு வெளியே எடுத்த காற்றை அதே சிரிஞ்சால், அதே வழியில் செலுத்துங்கள். லேபுக்குள் எடுக்க வேண்டாம். திரவ நைட்ரஜன் ஆவியாகும் அறையில் காற்று காற்றாக இருக்காது. ஆனால் ஒரு புள்ளி மட்டும் அளவுகோல் ஆகாது. தலை வழியாகச் செலுத்துகிறீர்கள் என்றால் ஐ.ஏ.இ.ஏ. (சர்வதேச அணுசக்தி முகமை) என்-1, என்-2 என்ற அம்மோனியம் சல்ஃபேட்டுகளை டின் கேப்சூலில் ஓட்டி அளவுகோலின் நீட்சியைச் சரிபார்க்கலாம். அவற்றின் மதிப்பு முறையே 0.4, 20.3 பெர்மில். லேபிள் மாதிரிக்கு இவை எட்டாது. நிறை 30 நைட்ரஜனைக் காற்றில் அறிந்த அளவில் கலந்து நீங்களே ஒரு வரிசை தயாரிக்க வேண்டும். அந்த மாதிரிகளின் முடிவை டெல்டாவில் எழுதுவதைவிட, 29/28, 30/28 விகிதங்களாக வைத்துக் காற்றுக்கு மேல் எவ்வளவு மிகை என்று கணக்கிடுவதே முறை. 1958லேயே ஹாக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் டீநைட்ரிஃபிகேஷனுக்கு இந்த மூன்று நிறைகளின் பரவலைப் பயன்படுத்தினார்கள். இன்றைய கணக்குகளின் அடிப்படையும் அதுதான்.

மண் மாதிரியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு முழு நாளைக் காற்றுக்கே கொடுங்கள். 20, 50, 100, 200 மைக்ரோலிட்டர் என்று ஏற்றிக்கொண்டே போய்ப் பீக் பரப்பை வரையுங்கள். கோடு பூஜ்யத்தில் வெட்டாமல் மேலே வெட்டினால் அந்த இடைவெளிதான் உங்கள் பிளாங்க். இடையிடையே வெறும் ஹீலியத்தை அதே கை அசைவோடு செலுத்துங்கள், அதன் பீக் இந்த இடைவெளியோடு ஒத்துப்போக வேண்டும். 100 மைக்ரோலிட்டர் காற்றைத் திரும்பத் திரும்பச் செலுத்தும்போது 29/28 சிதறல் உங்கள் திட மாதிரிச் சிதறலுக்குள் வரவில்லை என்றால் குறை கையிலோ செப்டத்திலோ இருக்கிறது. கை எவ்வளவு பழகினாலும் ஆறு வழி வால்வில் பொருத்திய நிலையான லூப் அளவில் இன்னும் சீராக இருக்கும். ஆனால் லூப்பைக் கழுவச் சில மி.லி. மாதிரி வேண்டும், 6 மி.லி. மேல்வெளியில் அது கட்டுப்படியாகாது.

தண்ணீரில் கரைந்திருப்பதையும் கேட்டிருந்தீர்கள். பாதி தண்ணீர் பாதி வாயு உள்ள குப்பியில், நன்றாகக் குலுக்கிச் சமநிலைக்கு வந்த பிறகு, நைட்ரஜனில் 98 சதவீதத்துக்கு மேல் வாயுவில்தான் இருக்கும். குலுக்குவது மட்டும் விட்டுப்போகக் கூடாது. நைட்ரஸ் ஆக்சைடு அப்படியில்லை. 25 டிகிரியில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரிலேயே தங்கிவிடும். இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது அதைக் கணக்கில் சேருங்கள். குப்பிகளை உடனே ஓட்ட முடியாவிட்டால், மண் குப்பிகளை நிரப்பும் அதே நாளில் வெறும் ஹீலியம் நிரப்பிய சில குப்பிகளையும் மூடி, அவற்றோடு சேர்த்துத் தலைகீழாகத் தண்ணீருக்குள் வைத்துவிடுங்கள். ஓட்டும் நாளில் முதலில் அந்த ஹீலியம் குப்பிகளை ஓட்டுங்கள். அவற்றில் நைட்ரஜன் ஏறியிருந்தால், அதே அளவு மற்றவற்றுக்கும் போயிருக்கும் என்று வைத்துக் கழிக்கலாம். கழிக்க வேண்டியது உங்கள் சிக்னலுக்குச் சமமாகவே வந்தால் அந்தத் தொகுதியை ஒதுக்கிவிட்டுப் புது ரப்பர் செப்டங்களோடு மறுபடி ஊறவையுங்கள்.